காலிப் பெட்டி

அந்தப் பைய வெளிய வாசல்லயே வைங்க தம்பி. தப்பா நெனைக்காதீங்க. நான் கேக்குறதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. மதுரையில பஸ் ஏறி நேரா ராஜபாளையந்தான் வாரீகளா, இல்ல நடுவுல சீவில்லிபுத்தூர்ல எறங்கி யாரையும் பாத்துட்டு வாரீகளா? டிக்கெட்டு இருக்கா, காட்டுங்க. சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்கு? காட்டுங்கன்னா காட்டுங்க.

ம். சரிதான். சீவில்லிபுத்தூர்ல கம்போசிங் கடை வச்சிருக்கானே ஐயாதுரை, அவனத் தெரியுமா ஒங்களுக்கு? எனக்குக் கூடப்பொறந்த அண்ணன். மதுரையில கம்ப்யூட்டர் சாமான் விக்கிறவுக அம்புட்டுப் பேருக்கும் அவனத் தெரியுமே, ஒங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு? நெசமாத் தெரியாதுல்ல? சரி, பைய எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு வாங்க. ஷட்டரப் பாதிதான் தூக்கியிருக்கேன். எஸ்டிடி பூத்துலருந்து ஒங்களக் கூப்பிட்டது நாந்தான். எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவிய சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாக. அதுக்குள்ள முடிச்சிருங்க.

அந்தப் பாட்டுச் சத்தமா? ரேடியோ செட்டு கட்டியிருக்காக. அது கெடக்கு, நீங்க இங்கன பாருங்க.

இதான் நான் போன்ல சொன்ன டிஸ்குப் பெட்டி. கழட்டிறாதீங்க, எப்பிடிச் சொருகியிருக்குன்னு மொதல்ல பாத்துக்கோங்க. சீவில்லிபுத்தூர்க் கடையும் இந்தக் கடையும் ஒண்ணா இருந்துச்சு தம்பி, அண்ணனும் எங்க வீட்டுக்காரவுகளும் கூட்டு. பொங்கல் முடிஞ்சு பிரிச்சோம். சண்டையெல்லாம் இல்ல. பிரிக்கும்போது ஆப்பிள் கம்ப்யூட்டர அவன் எடுத்துக்கிட்டான். இந்தப் பெட்டியத் தூக்கி எங்க கையில குடுத்தான். மாப்ள, வேல பூராம் இதுக்குள்ளதான் இருக்கு, எழுத்து, கல்யாணப் பத்திரிகை டிசைனு, மில்லு லேபிளு எல்லாம். நான் புதுசாச் செஞ்சுக்கிடுதேன், இது என் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும்னான். பெரிய மனசுன்னு நெனச்சோம். அப்பறமில்ல தோணுச்சு, எவன் தம்பி தன் வேலையத் தூக்கி அடுத்தவனுக்குச் சும்மா குடுப்பான்?

இங்க கொண்டாந்து, இதோட வயர, இந்தா, எங்க கம்ப்யூட்டர் முதுகுல இருக்க இந்தப் பிரிண்டர் வாயில சொருகுனாக. அதே நீளம், அதே ஓட்டை. அளவெடுத்துத் தச்ச ரவிக்க மாதிரி உள்ள போயி உக்காந்துச்சு. ரெண்டு பக்கமும் திருகாணிய முறுக்கியாச்சு. பெட்டியில லைட்டு எரியுது, உள்ள கிர்ருனு சுத்துது. கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணுத்தையும் காணோம். எத்தன வாட்டி அமத்திப் போட்டாலும் ஒண்ணுமில்ல. காலிப் பெட்டியக் குடுத்து ஏமாத்திட்டான் ஒங்கண்ணன்னு அவிய குதிச்ச குதி இருக்கே! கடைக்கு வந்தவுக போனவுகளுக்கெல்லாம் இதத்தான் காட்டுனாக. அதான் கழட்டாமலே வச்சிருக்கு.

என்ன சொல்லுதீக? நீங்களும் அதையே சொல்லுதீகளா? போன வாரம் பிரிண்டருக்குத் தூள் மாத்த வந்தவரும் இதத்தான் சொன்னாரு. அக்கா, இது பிரிண்டர் வயர் மாட்டுற வாயி, இந்தப் பெட்டிக்கு வேற, வெளிய பாக்கத்தான் ஒண்ணு போல இருக்கும்னாரு. ஒங்க நம்பரக் குடுத்ததும் அவருதான். அன்னைக்குப் போன தூக்கந்தான் தம்பி. ஒங்க ரெண்டு பேரையும் எங்கண்ணன் செட்டு பண்ணி அனுப்புறானோன்னுகூட யோசிச்சேன். அதான் டிக்கெட்டக் கேட்டேன்.

வேற வாயின்னா வேற மாதிரில்ல செஞ்சிருக்கணும்? பொருந்தலேன்னா அன்னைக்கே அவனுக்குப் போனப் போட்டு, என்னண்ணே, வயரு சேரலயேன்னு கேட்டிருப்போம். பொருந்திப்போச்சே! பொருந்துனதுக்குப் பொறவு வயர யாரு சந்தேகப்படுவா? ஆளத்தான சந்தேகப்படத் தோணும்.

கம்ப்யூட்டர எதுக்குத் தொறக்குதீக? உள்ள ஒரு கார்டு மாட்டணுமா? மாட்டுங்க, நான் இங்கனதான் நிப்பேன். உள்ளருந்து எதையும் உருவிற மாட்டீகளே. அந்தத் திருகாணியெல்லாம் என் கையில குடுங்க.

அண்ணனக் கோயிலுக்குக் கூப்பிட்டுச் சத்தியமும் கேட்டாச்சு தம்பி. மாரியம்மன் வாசல்ல சூடத்த ஏத்தி, கையால அணச்சு, பெட்டிய நெறச்சுத்தான் குடுத்தேன்னு சொன்னான். அவிய நம்பல. நானாச்சும் நம்பியிருக்கணும். கை கூசாமப் பொய்ச்சத்தியம் பண்ணுதியேன்னு நான்தான் கேட்டேன். அவன் என்னயப் பாத்துட்டு, ஏட்டி பரிபூரணம், நீயுமான்னான். அம்புட்டுத்தான், வேட்டியில கையத் தொடச்சிக்கிட்டுப் போயிட்டான்.

தப்பான வாயில இம்புட்டு நாளு கெடந்ததுல பெட்டி கெட்டிருந்தாலும் கெட்டிருக்குமா? அப்பிடி இருந்தா நல்லதுதான். இல்ல, ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க. அந்த பிளாப்பி எதுக்கு? ஆப்பிள்காரன் எழுதுனத இந்த மிசினு படிக்கிறதுக்கா. போடுங்க, போடுங்க.

வந்துருச்சா?

தள்ளுங்க. அத அமுக்குங்க. இது பாண்டேஜ் துணி லேபிளு. இது சேத்தூர்க்காரவுக பத்திரிகை. இன்னும் கீழ போங்க. இது நான் அடிச்சது. சித்திரைங்கிறதுல ஒரு எழுத்த விட்டுட்டேன்னு அண்ணன் வஞ்சான். அது அப்பிடியே இருக்கு பாருங்க. ஒண்ணு கொறையல. எல்லாம் அப்பிடியே இருக்கு.

சந்தோசமா? ஒங்களுக்கு வேலையே சந்தோசம், நீங்க சொல்லுவீக. இது காலியா இருக்கணும்னுதான் தம்பி ஒங்களக் கூப்பிட்டேன். காலிதான்னு என் கண்ணால ஒரு வாட்டி பாத்துட்டா, நாளைக்கு நிம்மதியா மணவறைக்குப் பக்கத்துல நின்னுருவேன்னு நெனச்சேன்.

அந்த ரேடியோ செட்டு எங்க வீட்டுலதான் கட்டியிருக்கு. நாளைக்குக் காலைல எம்மவ ரத்தினத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ள சோழபுரம். நல்ல பையன்தான், ஒரு கொற சொல்ல முடியாது. எங்கண்ணன் மகன் குருசாமிக்குன்னு தொட்டில்லயே பேசி வச்சிருந்த பிள்ள அவ. அவனையே நெனச்சிக்கிட்டு இருந்தவ. இந்தப் பெட்டியக் காட்டித்தான், ஏட்டி, ஏமாத்துனவன் வீட்டுக்கா நீ போகப்போறன்னு கேட்டு அவ வாய அடைச்சோம்.

அமத்திருங்க தம்பி. கார்டையும் கழட்டிருங்க, கூலி முழுசாத் தாரேன். இந்தாங்க திருகாணி, எண்ணிப் பாத்துக்கோங்க. வயரப் பழையபடி அந்தப் பிரிண்டர் வாயிலயே சொருகிருங்க. அவிய வந்து பாத்தா மாத்தி இருக்கக் கூடாது.

மெதுவா அமுக்குங்க. போயி உக்காந்துக்கிடும்.