தெத்திப்பல் வகை

"அந்தப் பல்லக் கழட்டினா, உன்ன ஓணானோடதான்டி சேர்ப்பாங்க."

ஒலுவிலில் ஏறி எனக்கு முன்சீட்டில் அமர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள். கல்முனை பஸ்ஸில், பின்னேரக் கடல் வெளிச்சத்தில், நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மீதியை ஒட்டுக்கேட்பதற்காக விட்டுவைத்திருந்தேன். சொன்னவள் கம்பஸில் விலங்கியல் படிக்கிறாள். மற்றவளுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். அதற்குள் தெத்திப்பல்லைக் கழட்டக் கல்முனைப் பல் வைத்தியரிடம் போகிறாள்.

"ஆரு சேர்ப்பாங்க?"

"கல்லாப்போன மண்டையோட்ட வெச்சு வகை பிரிக்கிறவங்க. ஊர்வனவுக்குப் பல்லெல்லாம் அநேகமா ஒரே மாதிரி. பாலூட்டியா மாறிக்கிட்டு வந்ததுகளுக்குத்தான் ஒண்டு கட்டை, ஒண்டு நீட்டு. தோலு, சத்தமெல்லாம் மக்கிப் போச்சு. மண்டையோடும் பல்லும்தான் அதுகள்ட அடையாளம்."

"எவ்வளவு காலமா?"

"கோடிக்கணக்கான வருசமா."

மணப்பெண் விரலால் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவர் பாத்த போட்டோவுல நான் வாய மூடியிருந்தன்டி."

"அப்ப சிரிச்சு ஒண்டு அனுப்பு."

காரைதீவு வரை யோசித்தாள். பிறகு போனை உயர்த்திப் பல் தெரியச் சிரித்தாள். படத்தின் ஓரத்தில் என் வழுக்கையும் விழுந்திருக்கும். அது எந்த வகையென்று மாப்பிள்ளை குழம்பியிருக்கலாம்.

சாய்ந்தமருதில் பதில் வந்தது.

"என்னவாம்?"

"இவ்வளவு நாளும் இந்தச் சிரிப்ப எங்க மறைச்சு வெச்சிருந்தீங்க எண்டு கேக்கார்."

கல்முனையில் இருவரும் இறங்கினார்கள். பல் வைத்தியரின் கதவைத் தாண்டி ஃபலூடா கடைக்குள் போனார்கள்.