மணிக்குக் கீழே ஒரு விரக்கடை

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், கிளெம். முதல்ல அந்தக் காத்துத் துப்பாக்கியை உறையில போடு. இன்னைக்கு வியாழன், ஏழரைக்கு மேட்ச்.

— போடுறேன் மாவிஸ். ஆனா இன்னைக்குத்தான் கடைசி. ஆட்டம் முடிஞ்சதும் இதை நம்ம பப்புச் சுவத்துலயே மாட்டிட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்.

— நம்ம பப்புன்னா? அது உன் பப்பு. நான் கறுப்பு அன்னம் பப் டீமுக்குச் சுடறவ. உங்க ஆட்டுக்கிடா பப் ஆளுங்க இன்னைக்கு மண்ணைக் கவ்வப் போறாங்க.

— அதுக்குத்தான் நானும் பாடுபடுறேன். ஆபரேஷன் முடிஞ்சு ஆட்டத்துக்குத் திரும்பி வந்து ஒரு மாசமாச்சு, என் குண்டுக்கு மணி ஒரு தடவையாவது அடிச்சுதா? தகட்டு ஓட்டைக்கு நேராத்தான் குறி வைக்கிறேன். குண்டு ஒரு விரக்கடை கீழே போய் தகட்டுல மோதுது. பின்னாடி மணி சும்மா தொங்குது. கண்ணு போயிடுச்சு மாவிஸ்.

— கண்ணாடிக் கடைக்காரர் என்ன சொன்னார்?

— நல்லா இருக்குங்கறார். நேத்து வேலைக்குச் சேர்ந்தவருக்கு என்ன தெரியும்?

— அப்ப குழாய் மேல இருக்கிற பின்குறியைத் திருகிக் கொஞ்சம் மேலே ஏத்திப் பாரேன்.

— முப்பது வருஷமா அந்தத் திருகை யாரும் தொட்டதில்லை. நானும் தொடமாட்டேன்.

— துப்பாக்கிக்கும் வயசாச்சுல்ல. நம்ம கல்யாணத்துக்கு முந்தினது.

— அதைக் குறை சொல்லாதே. குழாயை மடக்கினா ஸ்பிரிங் இறுகும், விசையைத் தட்டினா சுடும். அவ்வளவுதான். போன வாரம் எங்க டீம் லெஸ்ஸோட புதுத் துப்பாக்கியில சிலிண்டர் காத்து இறங்கிப்போய், ராத்திரி பூரா ஊறுகாய் முட்டை தின்னுக்கிட்டு உக்காந்திருந்தான் பாவம்.

— ஆனா அது குதிக்காது. நம்மளுது முன்னாடி ஒரு குதி, பின்னாடி ஒரு குதி. எண்ணெய் ஒரு சொட்டு கூடினா புகை. குறைஞ்சா தோல் வாஷர் காஞ்சு போகும். மடக்கி வச்சுட்டுப் பீர் வாங்கப் போனா ஸ்பிரிங் சோர்ந்துபோகும்.

— உன்னை மாதிரிதான். இறுக்கிப் பிடிச்சா முறைச்சுக்கும். அது போக்குல விட்டா சொன்ன இடத்துக்குப் போகும்.

— நல்லா புரிஞ்சுக்கிட்டே போ, என்னை.

— சரி, உன் மணிக்கட்டு எப்படி இருக்கு?

— பரவாயில்லை. ஜனவரியில மடக்கவே முடியலை. இப்ப என்னவோ சுலபமா மடங்குது. ஆனா என்னுதும் கீழேதான் அடிச்சுது, கிளெம். நான் குறியை ரெண்டு திருகு ஏத்திட்டேன். இப்ப மணி கேக்குது.

— ஓ.

— என்ன ஓ?

— கோவப்படாதே மாவிஸ். பிப்ரவரியில நீ உங்க அக்கா வீட்டுக்குப் போனப்போ, உன் துப்பாக்கி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு வலு குறைஞ்சதா ஒண்ணு போட்டேன். அதான் குண்டு கீழே போச்சு.

— எதிர் டீம்காரன் என் துப்பாக்கியில கை வச்சான்னு எங்க கேப்டன் பெகிக்குத் தெரிஞ்சா?

— என்னைக் கால்வாய்ல தள்ளிடுவா. தள்ளட்டும். நீ மேசை விளிம்புல முட்டுக்கொடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குழாயை மடக்கினே பாரு, அதைப் பார்க்க முடியலைம்மா. எங்கே விட்டுடுவியோன்னு பயம். எதிர்ல நீ இல்லைன்னா எனக்கு எதுக்கு வியாழக்கிழமை?

— ம். நான் விடக்கூடாது, நீ மட்டும் விட்டுடலாம். அப்படித்தானே?

— என் கதை வேற. எனக்குக் கையில பலத்துக்குக் குறைச்சல் இல்லை. தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறமும் வெண்ணெய் மாதிரி மடக்கறேன், நீதான் பார்க்கிறியே. கண்ணுதான் கைவிட்டுடுச்சு.

— துப்பாக்கித் தொழிற்சாலையில பதினோரு வருஷம் ஸ்பிரிங் மாட்டினவ நான். அது ஞாபகம் இருக்கா உனக்கு?

— இருக்கு இருக்கு. அதான் மறைக்கப் பயமா இருந்துச்சு. உன் பழைய ஸ்பிரிங்கை நான் தூக்கிப் போடலை மாவிஸ். எண்ணெய்த் துணியில சுத்தி, தோட்டத்துக் கொட்டகையில பிஸ்கட் டப்பாவுல வச்சிருக்கேன். வேணும்னா இப்பவே மாட்டித் தரேன்.

— தெரியும் கிளெம். உன் தோளுக்காக உன்னோட ஸ்பிரிங்கைக் கழட்டி அங்கே வைக்கப் போனப்போதான் பார்த்தேன். குறியை ரெண்டு திருகு ஏத்திக்கிட்டு வா, கிளம்பலாம்.