தொடக்கூடாத பணம்

தேநீரில் பாலை முதலில் ஊற்றுவதா, கடைசியில் ஊற்றுவதா என்று இந்தத் தாய்லாந்துக் கடலோர ஊர் ஹுவா ஹின்னில் இருக்கும் நம் இங்கிலாந்து ஆட்கள் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடுவார்கள். எனக்குக் கடைசியில்தான் பிடிக்கும். உட்காருங்கள் ரோனா. ராத்திரியெல்லாம் விமானத்தில் வந்து, நேரே விகாரைக்குப் போய் அப்பாவின் சாம்பலைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசலாம்.

"கால்ல ஒரு புண்ணு வந்ததுக்கு யாராவது சாவாங்களா, மிஸ்டர் நெவில்? அப்பாகூட இருந்த லம்துவன் என்னென்னவோ சொல்றா. பாதிதான் புரியுது. நீங்க சொல்லுங்க" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது? முறையாகச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நான் வக்கீல் இல்லை. நார்தாம்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உயில் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். இங்கே நம் நாட்டுக் கிழவர்களுக்கு விசா நீட்டிப்பு, உயில், பென்ஷன் காகிதம், வீட்டுக் குத்தகை எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். தாய்லாந்து பாஷை நன்றாக வரும். அவர்களுக்கு வராது. இருபது வருடம் இருந்தாலும் பீர் கேட்கவும் பில் கேட்கவும்தான் வரும். அதனால் என்னிடம் வருகிறார்கள். காலை பத்து மணிக்கே பீர் நாற்றத்தோடு, வியர்வையில் ஒட்டிய பனியனோடு வந்து, இந்த நாற்காலியில் சரிந்து உட்கார்வார்கள். வெள்ளைக்காரன் பேரில் இங்கே நிலம் வாங்க முடியாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டார்கள். நேற்று அறிமுகமான பெண் பேரில் வாங்கிவிட்டு, நாளைக்கு என் மேஜையில் மூக்கைச் சிந்துவார்கள். அவர்கள் கொடுக்கும் காகிதத்தில் தொத்திறைச்சிக் கொழுப்பு ஒட்டியிருக்கும். ஒவ்வொருவரும் எழுந்து போனபிறகு நாற்காலியைத் துடைப்பேன்.

உங்கள் அப்பா மாரிஸ் அவர்களில் ரொம்ப மோசமானவர் இல்லை. பணம் ஒழுங்காகக் கொடுத்தார். ஆனால் அருவருப்பு என்பது நியாயம் பார்த்து வருவதில்லையே. லாரி ஓட்டிப் பழகிய உடம்பு. கழுத்து மடிப்பில் அழுக்கு கோடு கோடாக நிற்கும். குச்சியில் கோத்துச் சுட்ட பன்றி இறைச்சியைக் கடித்துக்கொண்டே பேசுவார், துணுக்கு என் சட்டையில் வந்து விழும். காலில் எப்போதும் அந்த நீலநிற ரப்பர் செருப்பு.

லம்துவன் மார்க்கெட் ஓரத்தில் தள்ளுவண்டியில் அந்த இறைச்சிக் குச்சிதான் விற்றுக்கொண்டிருந்தாள். அவளும் உங்கள் அப்பாவும் அவளுடைய ஊரில், பிக்குகள் முன்னால் மணிக்கட்டில் நூல் கட்டிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நல்ல யோசனைதான் அது. இன்றைக்குச் சொத்து விஷயத்தில் உங்களுக்கு எத்தனை சுலபமாகிவிட்டது பாருங்கள்.

ஒருநாள் நான் உள்ளே அவருடைய விசா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் நகம் வெட்டுகிறாள். என் ஆபீஸ் படியில்.

"காட்டு பெருசு. நகமா இது? நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கு."

"மெல்லடி அம்மணி. இருக்கறதே பத்து வெரலுதான்."

"ஒண்ணு போனா என்ன? நீ என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகப்போற?"

ஒரு துண்டு நகம் தெறித்து என் வாசலுக்குள் வந்து விழுந்தது. அதற்கு அப்படி ஒரு சிரிப்பு இரண்டு பேருக்கும். உங்கள் அப்பா என்னை எட்டிப் பார்த்து, "வக்கீலய்யா, நீயும் ஒருத்தியப் பாரேன்யா. பெட்டியில மடிச்சு வெச்ச சட்டையாவே இருக்கியே" என்றார். நான் பதிலுக்குச் சிரித்தேன். அவர்கள் போனதும் அந்த இடத்தில் பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

இனி அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர் இங்கே வருடா வருடம் தங்க அனுமதி வாங்க வேண்டுமென்றால், வங்கியில் இந்த ஊர்ப் பணத்தில் எட்டு லட்சம் பாட் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்தபிறகு மூன்று மாதம் அதில் கை வைக்கக்கூடாது. அப்புறமும் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. தொடக்கூடாத பணம் என்றுதான் நம் ஆட்கள் அதைச் சொல்வார்கள். உங்கள் அப்பாவிடம் இங்கிலாந்தில் அந்த ராச்டேல் வீட்டை விற்றதில் மிஞ்சியது அது ஒன்றுதான். பென்ஷனை நம் அரசாங்கம் அவர் இங்கே வந்த அன்றைக்கு இருந்த தொகையிலேயே நிறுத்திவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர், எழுபதைத் தாண்டியவர், எந்தக் காப்பீட்டுக்காரனும் சேர்க்கவில்லை.

செருப்பு வார் உராய்ந்து விரலிடுக்கில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. லம்துவன் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. மருத்துவர், இன்றைக்கே சேருங்கள், விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதம் போகும், அதற்கும் மேல் ஆள் போவார் என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து நேரே இங்கே வந்தார்கள். விசா முத்திரை விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த வாடையை நீங்கள் அறியமாட்டீர்கள். ஊசிப்போன இறைச்சியில் சர்க்கரைப்பாகு ஊற்றியது மாதிரி. கட்டுக்கு மேலே ஓர் ஈ. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டுக் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"பேங்க்ல இருக்கறத எடுக்கலாமாய்யா?" என்று கேட்டார்.

"எடுத்தா விசா போயிரும் மாரிஸ்."

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. நோயாளிக்கு மருத்துவர் கடிதத்தின் பேரில் இங்கே தங்கத் தனி அனுமதி கொடுப்பார்கள் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் இரண்டு பேருக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்வதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் கதையை மட்டும் சொன்னேன். விசா பணத்தை எடுத்தார், சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள், நகராட்சி கொடுத்த ஒற்றை அறையில் ஹீட்டரைப் பார்த்தபடியே செத்துக் கிடந்தார் என்று. அப்படி ஒருவர் கிடையாது. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. "விரல் போனாப் போவுது. ராச்டேலுக்கு மட்டும் போக மாட்டேன்" என்றார் உங்கள் அப்பா. முடிவை அவர்தான் எடுத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் லம்துவன் தனியாக வந்தாள். கல்யாணத்துக்கு அவர் போட்ட தங்கச் சங்கிலியைக் கழற்றி இந்த மேஜையில் வைத்தாள். நகை விஷயத்தை அவள் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்றீர்களே, அது நிஜம்தான்.

"பேங்க் பணம் அப்படியே கெடக்கட்டும் ஐயா. நான் தொடல. இத வித்துக் கட்டுறேன். ராத்திரியெல்லாம் அனத்துறாரு. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த பேசுங்க, போதும்."

நியாயமான பேச்சு. அவளிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. எட்டு லட்சத்துக்குக் காத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். சங்கிலியில் அவள் கழுத்து வியர்வை ஒட்டிப் பளபளத்தது. பேனாவால் அதை அவள் பக்கம் தள்ளினேன். "ஆஸ்பத்திரியில சேத்தா அவங்க இமிகிரேஷனுக்குச் சொல்லிருவாங்க. அவங்க நேரா விமானத்துல ஏத்திருவாங்க. அப்புறம் அவரு மூஞ்சிய நீ பார்க்க முடியாது. பரவாயில்லையா?" என்றேன்.

அது பொய். எந்த ஆஸ்பத்திரியும் அப்படிச் செய்வதில்லை. பதிவு இல்லாத மனைவிக்கு யாரிடம் போய்க் கேட்பதென்று தெரியாது. அவள் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என்னைக் கும்பிட்டு, "நல்லவேள சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேப்பிலையைப் போட்டுக் காய்ச்சி ஊற்றினாளாம். மஞ்சளை வைத்துக் கட்டினாளாம்.

அப்புறம்தான் உங்கள் தொலைபேசி வந்தது. புண் விஷயம் உங்கள் காதுக்கு எட்டியிருந்தது. அவர் ஜுரத்தில் கிடந்ததால் எடுக்கவில்லை, நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "எவ்வளவு ஆனாலும் நான் அனுப்பறேன். வீட்ட அடகு வெச்சாவது அனுப்பறேன். அப்பாவ நல்ல ஆஸ்பத்திரியில போடுங்க." அழுதுகொண்டே சொன்னீர்கள்.

நான், "புண்ணு ஆறிட்டு வருது. கால ஊனி நடக்கறாரு. நேத்துக்கூட ஜோக் அடிச்சாரு. பதறாதீங்க, ரோனா" என்றேன்.

இதற்கு மட்டும் சட்டத்தில் காரணம் தேட முடியவில்லை. உங்கள் பணம் வந்திருந்தால் அந்த எட்டு லட்சத்தைத் தொட வேண்டியதே இல்லை. விசாவும் இருந்திருக்கும், பாதமும் பெரும்பாலும் இருந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டு இதையெல்லாம் யோசித்தேன். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

கடைசியாக ஒரு முறை அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கதவருகிலேயே நின்றேன். அழுகல் முழங்கால் வரை ஏறியிருந்தது. லம்துவன் தரையில் உட்கார்ந்து அவருக்கு ஒட்டரிசிச் சோறு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எச்சில் வழிய வழிய அதைத் தன் விரலாலேயே துடைத்து, மீண்டும் உருட்டினாள். அந்த நாற்றத்தில், அதே கையால், கொஞ்சமும் முகம் சுளிக்காமல். சீ என்றாகிவிட்டது எனக்கு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வக்கீலய்யா, நீ இல்லேன்னா என்ன நாடு கடத்திருப்பானுங்கய்யா. இவ கைச் சோறு கெடைச்சிருக்குமா எனக்கு?"

நான் பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் இறந்தார்.

ஆக, புண்ணால் சாகவில்லை உங்கள் அப்பா. பணம் இல்லாமலும் சாகவில்லை. காப்பாற்ற வந்த வழி மூன்று, மூன்றையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் அடைத்தேன், அதனால் செத்தார். இதைப் போலீஸிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள். கொலை என்று எழுத அவர்களுக்குச் சட்டம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். எட்டு லட்சம் ஒரு பாட்கூடக் குறையாமல் இருக்கிறது. உயில்படி உங்களுக்குத்தான். நீதிமன்ற வேலை முடியச் சில மாதம் ஆகும். என் கட்டணத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

"எங்கப்பா உங்கள என்ன பண்ணாரு?" என்கிறீர்கள். ஒன்றும் பண்ணவில்லை. அழுக்கான மனிதர், அவ்வளவுதான். அழுகிக்கொண்டிருந்த ஒருவருக்காக ஒருத்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறாள். இன்னொருத்தி கடலுக்கு அப்பால் வீட்டை அடகு வைக்கிறேன் என்கிறாள். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். நான் தினம் இரண்டு வேளை குளிக்கிறேன். குடிப்பதில்லை. யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. என் சொந்த விசாக் காகிதத்தில், அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில், பதினெட்டு வருடமாக இந்த ஆபீஸ் எண்ணையே எழுதி வருகிறேன். அது ஒரு வசதிக்காகத்தான். அதற்கும் உங்கள் அப்பா விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.