டாங்கிக் கொட்டாயின் வெள்ளைப் பொட்டு

ஓடுகிறேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மேற்கே போகும் மண் பாதை. முன்னால் ஜனம். பின்னால் ஜனம். ஒருவர் கோழிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். ஒருத்தி பாதி வெந்த சோற்றுப் பானையோடு ஓடுகிறாள். கொதிகஞ்சி முழங்கையில் வழிகிறது. அவள் கவனிக்கவில்லை.

பின்னால் இரண்டாவது சத்தம். முதல் சத்தம் இடி மாதிரி இருந்தது. இது வேறு. பெரிய தகரத்தை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி. பிறகு மூன்றாவது. அதன் பின் சின்னச் சின்னதாகப் படபடவென்று. நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

"பிளேன்! பிளேன் வந்துருச்சு! ரோட்டுல ஓடாதீங்க, வயல்ல எறங்குங்க!"

ஜனம் சம்பா வயலில் இறங்குகிறது. முழங்கால் சேறு. நானும் இறங்குகிறேன். மேலே பார்க்கிறேன். மேகம். வேறு ஒன்றும் இல்லை.

1971 டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கி ஐந்தாவது நாள். செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பது. நான்கு நாளாகக் கடற்கரை ஊர்களில் இரவு விளக்கு இல்லை. லாரி முகப்பு விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை. கடலிலிருந்து அடிப்பான், வானத்திலிருந்து அடிப்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதனால் யாரும் யோசிக்கவில்லை. ஓடினார்கள்.

பிளேன் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

சத்தம் வந்த இடம் டாங்கிக் கொட்டாய். மேட்டுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குள். தகரக் கூரை, செங்கல் தூண். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் அங்கே டாங்கி பழுது பார்த்தார்கள் என்பார்கள். குண்டு செய்தார்கள் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது அது பழைய இரும்பு உடைக்கும் இடம். பட்டாளத்தில் கழித்த சாமான் லாரியில் வரும். டாங்கிச் சங்கிலி, பீப்பாய், வெடிக்காமல் போன குண்டு. உடைத்துத் தரம் பிரிப்பார்கள். பித்தளை தனி. இரும்பு தனி.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் இடத்தில் மூன்று மாதம் இருந்தால் கால் அரிக்கும். புரட்டாசியில் அங்கே போனேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஒரு நாள் கூலிக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். மறுநாளும் இருக்கச் சொன்னார் மேஸ்திரி ரத்தினம்.

"சந்தனத்தைக் கரைச்சு எல்லாத்துக்கும் பொட்டு வைய்யி. நான் பொரி, பூசணிக்கா வாங்கியாறேன்."

போய்விட்டார். அஞ்சலை கூட இருந்தாள். கொட்டாயில் இரும்பு சுமப்பவள். அவள் புருஷன் சாரங்கன் உளிக்காரன். வாய் ஓயாதவள்.

"தராசுக்கு வச்சியா தம்பி?"

"வச்சாச்சுக்கா."

"சம்மட்டிக்கு?"

"வச்சாச்சு."

"எம் புருசனுக்கு? அதுவும் இங்க ஒரு பழைய இரும்புதான். ஒரு பொட்டு வச்சுடு."

சாரங்கன் மூலையிலிருந்து கத்தினான். "நீ வந்து வைடி. அவன் கைல சுண்ணாம்பு."

சுண்ணாம்புதான். சந்தனம் பாதியில் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளையடித்த வாளியில் மிச்சம் இருந்தது. வெள்ளைப் பொட்டு, நடுவில் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆயுத பூஜையில் எதையும் விடக் கூடாது. கொட்டாயில் இருக்கிற இரும்பெல்லாம் அன்று சாமி. தெற்கு ஓரத்தில் குண்டுக் குவியல் இருந்தது. அதற்கும் வைத்தேன். ஒவ்வொன்றாக. ஐம்பது அறுபது இருக்கும். அஞ்சலை அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். பிற்பாடு அவள் மேல் ஒரு பேச்சு வந்தது.

மூன்றாம் நாள் நான் கிளம்பிவிட்டேன். நாகூர், வேதாரண்யம், உப்பளம். கால் போன பக்கம்.

டிசம்பரில் திரும்பி வந்தேன். சண்டைக் காலத்தில் ஊர்பேர் தெரியாதவனைப் போலீஸ் பிடித்தது. தெரிந்த இடத்தில் இருப்போம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டாய்க்குள் நுழைகிறேன். அடைமழையில் இரண்டு மாதம் மூடிக் கிடந்து, முந்தின நாள்தான் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஐந்து பேர். சாரங்கன் குண்டு ஒன்றைக் கட்டையில் கிடத்தி உளி வைக்கிறான். குண்டில் ஒரு வெள்ளைப் பொட்டு. குங்குமம் இல்லை. மழை ஈரத்தில் உதிர்ந்திருக்கும்.

"பயமா இல்லியா மாமா?"

"என்னா பயம்? ஊறுனதுதான் இது. வெள்ளப் பொட்டு பாத்தியா? செத்த பாம்பு."

அப்போதுதான் அந்தக் கொட்டாயின் வழக்கம் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் வயல்காட்டு ஆட்கள். விதைநெல்லை ஊறப்போடுகிற மாதிரி குண்டைத் தோப்புக் குட்டையில் மூன்று நாள் போடுவார்கள். எடுத்ததும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் மருந்து செத்தது. இல்லையென்றால் தொடக் கூடாது. இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேட்டேன். தலையாட்டினேன். புத்தியில் ஏறவில்லை. "டீ குடிச்சுட்டு வா, மேஸ்திரிகிட்ட சொல்லி வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றாள் அஞ்சலை. வெளியே வந்தேன். இருநூறு அடியில் காதர் பாய் டீக்கடை. டம்ளரை வாங்கினேன். ஆறட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் பலகைக்கு வெள்ளையடித்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூஜையன்று வைத்திருந்த வாளி ஞாபகம் வந்தது.

ஊறாத குவியலுக்குப் பொட்டு வைத்தவன் நான்.

டம்ளரைப் போட்டேன். ஓடினேன். "மாமா! அடிக்காதீங்க! உளிய எடுங்க!"

உள்ளே சம்மட்டிச் சத்தம். டங். டங். அவர்களுக்குக் கேட்கவில்லை. நான் பாதி வழியில் இருந்தேன். மூன்றாவது டங் வரவில்லை.

தரையில் கிடந்தேன். காதுக்குள் விசில். தகரங்கள் மேலே போய்த் திரும்பி வந்து சவுக்கு மரங்களில் மாட்டின. எழுந்தேன். கொட்டாய் இருந்த பக்கம் புகை. அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தேன். அப்போதுதான் குப்பத்திலிருந்து ஜனம் கிளம்பி வந்தது. பிளேன் பிளேன் என்று. நான் திரும்பி அவர்களோடு ஓடினேன். யாரும் இழுக்கவில்லை. நானாகத்தான் ஓடினேன்.

பூவம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. நடுவில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கலாம். வண்டிக்காரர் ஒருவர் பக்கத்திலேயே வந்தார். கோவில் மதிலோரம் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காரைக்காலே தரைமட்டம் என்றான் ஒருவன். கப்பலைக் கண்ணால் பார்த்தேன் என்றான் இன்னொருவன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி பொட்டு. அதுதான் என் வாயைக் கட்டியது. உள்ளே எல்லோரும் செத்திருப்பார்கள், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தாளவில்லை. நெல் லாரி டிரைவர் ஒருவரிடம் போனேன்.

"அண்ணே, அது பிளேன் இல்லண்ணே. டாங்கிக் கொட்டாய்ல வெடிச்சது. உள்ள ஆளு இருக்கு."

எழுந்தார். "இத இப்பதான் சொல்றியா?" வேறு கேட்கவில்லை. வண்டியை எடுத்தார். நாலு பேர் ஏறினார்கள். பாதை முழுக்க ஜனம், வண்டி ஊர்ந்துதான் போனது.

நாலு மணிக்குத் தோப்பு. கடல் சத்தம். கரிந்த சவுக்கு வாசனை. காதர் பாய் கொட்டாய் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கால் சூம்பியது. ஓட முடியாதவர். ஊரில் அவர் மட்டும் ஓடவில்லை. கையெல்லாம் தகரம் கிழித்த ரத்தம்.

"அந்தப் புள்ள தகரத்துக்கு அடியில கெடந்துச்சு தம்பி. தூண் மேல கெடக்கு. நா ஒருத்தன் எப்படித் தூக்குவேன்? தண்ணி குடுத்தேன். யாராச்சும் வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மூணு மணிக்கு மேல பேசல."

ஆறு பேர் சேர்ந்து தூணைத் தூக்கினோம். சுலபமாகத்தான் வந்தது.

அஞ்சலைக்குத் தொடையில்தான் காயம். வேறெங்கும் இல்லை. முந்தானையால் தானே கட்டுப் போட்டிருந்தாள். கட்டு நனைந்து கறுத்திருந்தது.

சண்டை முடிந்தது. ஊர் திரும்பியது. பூஜையில் அஞ்சலைதான் குண்டுக்குப் பொட்டு வைத்தாள் என்று மேஸ்திரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போது நான் ஆந்திரா பக்கம் இருந்தேன். பிற்பாடு பட்டாளத்தில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். மூடிய குண்டுக்குள் தண்ணீர் போகாது, ஊறினது ஊறாதது எல்லாம் ஒன்றுதான், என்றைக்காவது வெடித்திருக்கும் என்றார். இருக்கலாம். வெடித்தது நான் பொட்டு வைத்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு நாலு மைல் ஓடியது நான்.

1984இல் மறுபடி போனேன். கொட்டாய் இருந்த இடம் பள்ளம். தண்ணீர் நிற்கிறது. வாத்து மேய்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். நான் பள்ளத்தையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இங்கதான் பாகிஸ்தான்காரன் குண்டு போட்டான். எங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க. அம்மா பேரு அஞ்சலை. ஒங்களுக்கு எந்த ஊருங்க?"

ஊர் இல்லை என்றேன். சிரித்தாள். அம்மா மாதிரியே. சொல்ல வந்தேன். ஆடு வரப்பில் ஏறியது, அவள் பின்னாலேயே போய்விட்டாள். அந்தப் பெண்ணும், பிளேன் என்று நம்புகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பொட்டு அவள் அம்மா வைத்ததில்லை.

அன்று போனவை. கொட்டாய் ஒன்று. சவுக்கு மரம் பதினேழு. தோப்பில் கட்டியிருந்த ஆடு இரண்டு. டீக்கடைக் கூரை.

அன்று போனவர்கள். சாரங்கன், உளிக்காரன். மாணிக்கம், சம்மட்டி அடித்தவன், பூவம். சம்மட்டிக்கு மாற்றாள் முருகையன், கோட்டுச்சேரி. தரம் பிரித்த கண்ணம்மா, திருமலைராயன்பட்டினம். இந்த நான்கு பேரும் பத்து நாற்பதுக்கு.

அஞ்சலை, சுமை தூக்கியவள். மூன்று மணிக்குப் பிறகு.