இரண்டாவது கியர்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள் சார். இரைச்சலிலேயே காலம் தள்ளியதில் எனக்குக் காது மந்தமாகிவிட்டது. அதற்காக உரக்கப் பேசவும் வேண்டாம். உள்ளறையில் மகள் படுத்திருக்கிறாள். அவளுக்குப் பாம்புச் செவி.

விசாரணைக்கு வந்த இடத்தில், விபத்தான மோட்டார் பைக்கின் கியர்பெட்டியை என்னிடமே கொண்டுவந்ததற்கு நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. செத்தவர் என் மருமகன்தான். ஆனால் இவ்வளவு பழைய வண்டியின் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கோளாறு சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. கேட்டுவிட்டீர்கள், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

கியர் தானாகக் கழல்கிறது என்றால் அரைகுறை ஆட்கள் எடுத்ததும் கிளட்ச்சில் கைவைப்பார்கள். வண்டிக்காரனுக்கு வீண் அலைச்சல். நான் முதலில் ஒன்றுதான் கேட்பேன். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது கழல்கிறதா, முறுக்கை விட்டபிறகு கழல்கிறதா? இதோ, இதுதான் இரண்டாவது கியர். பக்கவாட்டில் முட்டு முட்டாக இருக்கிறதல்லவா, பக்கத்துக் கியரை இவைதான் பிடித்துக்கொள்கின்றன. விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் கூராக இருக்கிறது. மறுபக்கம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. வண்டி இறக்கத்தில் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது பிடிக்கவேண்டிய பக்கம் அதுதான்.

மருமகன் கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தங்கமான மனிதர், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். "மாமா, இறக்கத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டு வண்டி சும்மா ஓடுது. பயமா இருக்கு," என்றார். எங்கெங்கோ தேடிப் புதுக் கியரையும் வாங்கிவந்து கையில் கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் புதுக் கடை போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியேறப் போவதாக அப்போதுதான் சொன்னார். போகிற போக்கில் சொன்னார். ஏதோ எண்ணெய் மாற்றச் சொல்வதுபோல.

மகள் எனக்கு என்ன செய்துவந்தாள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி போனபிறகு அவளைத் தனியாளாக வளர்த்தேன். காது மந்தமானபோது அவள்தான் என் காதானாள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பாள். "அப்பா, மூணாவதுல கரகரங்குது," என்பாள். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதில்தான் கோளாறு இருக்கும். இந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் என் கையைப் புகழ்ந்தார்கள். பாதிப் புகழ் அவள் காதுக்குச் சேரவேண்டியது. அதைக் கொண்டுபோய் மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்காரவைத்தால் எப்படி? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரித்தேன், கழுவினேன், தேய்ந்த கியரையே திரும்பப் போட்டேன். புதியது இந்த இழுப்பறையில்தான் இருக்கிறது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி. எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும். கியரை அதனதன் இடத்தில் நிறுத்திவைக்க உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அதற்குப் பதிலாக இந்த விறைப்பான ஸ்பிரிங்கை வைத்தேன். இது கோளாறைச் சரிசெய்யாது, மூடிமறைக்கும். சமதளத்தில் ஓட்டினால் கியர் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு ஆள் மட்டும் போனால் மலையிறக்கத்திலும் நிற்கும். இரண்டு பேர் பாரம் பின்னாலிருந்து நெட்டும்போதுதான் கழலும். அந்தக் காலத்துப் பிரேக் அதற்குமேல் என்ன செய்யும், பாவம்.

மருமகன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கை வச்சீங்கன்னா கை வச்சதுதான் மாமா," என்றார். மகள் மட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து பெட்டியில் ஊன்றிக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள்.

"அப்பா, ரெண்டாவது இன்னும் சரியா உக்காரல."

"பழைய வண்டிம்மா. ஓட ஓடச் சரியாயிடும்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு இந்த இழுப்பறையை ஒருமுறை திறந்து புதுக் கியரைப் பார்த்தது உண்மை. நான் கல் இல்லை.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. என் கணக்கில் அவள் இல்லவே இல்லை. கடைசி நேரத்தில் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். என் கெட்ட நேரம், வேறென்ன சொல்ல.

அவளுக்குக் கால்கள் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசல்படிக்குச் சாய்வுப் பலகை அடித்திருக்கிறேன், வரும்போது பார்த்திருப்பீர்கள். வண்டிகளை அவள் ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துகிறேன். படுத்தபடியே ஸ்க்ரூடிரைவரை நீட்டிக் கேட்கிறாள். "ஒண்ணாவது." "நாலாவது." அவ்வளவுதான் பேசுகிறாள். முன்பெல்லாம் அப்பா என்று சேர்த்துச் சொல்வாள். இப்போது சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் வீட்டில் இருக்கிறாள்.

என்ன கேட்டீர்கள்? ஒரு ஆள் போனால் கழலாது என்றால், மருமகன் மட்டும் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்கிறீர்களா? ஆகியிருக்காதுதான். அந்த விஷயத்தில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். சோதித்துப் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை. முதலில் தனியாக மலையிறக்கத்தில் விட்டுப் பார்த்தேன். கியர் அசையவில்லை. பிறகு பின்சீட்டில் மணல்மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன். பாதி இறக்கத்தில் கழன்றது. எதிர்பார்த்துப் போனவன் என்பதால் ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன்.

மூட்டையில் எவ்வளவு மணல் என்றா கேட்கிறீர்கள்? மகளின் எடைக்குச் சரியாக நிறுத்துக் கட்டினேன் சார். குத்துமதிப்பாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.