சுசீலாபாய் வாசலில் ஒரு ஸ்லாப்

...இல்லே, நான் கேக்குதேன், ஒரு ஸ்லாப்பு! ஒரே ஒரு கான்கிரீட் ஸ்லாப்பு! எட்டடி நீளம், நாலடி அகலம். அத இந்த நகரசபைக்கு ஏழு மாசமா போட முடியல்லே! கடலுக்குக் குறுக்க பாலமா கேட்டேன்? என் வீட்டு வாசல்ல ஓடைக்கு மேல ஒரு மூடி. அவ்வளவுதான்! உக்காருங்க தம்பி, ஏன் நிக்கிய? எஞ்சினியர் பதினொண்ணுக்கு வருவேன்னா பன்னெண்டுக்குத்தான் வருவாரு. திங்கக்கிழமை தோறும் இந்த பெஞ்சுல நான்தான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த ஓரம் வேண்டாம், ஆணி இருக்கு. போன மாசம் என் சேலை கிழிஞ்சுபோச்சு. அதுக்கும் எழுதிக் குடுத்தேன். "டீச்சரே, பெஞ்சு வேற செக்‌ஷன்"னு சொல்லிட்டாவ. எப்பிடி?

நீங்க என்ன, பெர்த் சர்ட்டிபிக்கேட்டுக்கா? ...செரி, செரி, சொல்லாண்டாம். அவவனுக்கு அவவன் காரியம். நான் அடுத்தவங்க காரியத்துல தலையிடுத ஆளே இல்லே.

என் பேரு சுசீலாபாய். பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. என் வீட்டுக்குள்ள போணும்னா இப்போ என்ன வழி தெரியுமா? பலகை! ஓடைக்கு மேல ஒரு பலகை. சர்க்கஸ்ல கூட கீழ ஒரு வலை கட்டுவான்லா? இங்க கீழ என்ன கெடக்குன்னு... வேண்டாம், நீங்க சாயா குடிச்சுட்டு வந்திருப்பிய.

வாற மாசம் பன்னெண்டாந் தேதி என் மவன் அனூப்புக்குக் கல்யாணம். பொண்ணு ரெம்யா. ரெண்டு பேருக்கும் கழக்கூட்டம்ங்குத ஊருல ஒரே ஆபீஸுல வேலை. ஆமா, அவங்களே பாத்துக்கிட்டதுதான், அது வேற கதை, அத விடுங்க. பொண்ணுக்க அப்பா வேதமாணிக்கம் வீடு பாக்க வந்தாரு. நல்ல தடிச்ச மனுஷன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பளபளன்னு செருப்பு. பலகையில ஒரு கால வச்சாரு. "நடுவுல மிதியுங்க, நடுவுல மிதியுங்க"ன்னு நான் கத்துதேன். மனுஷன் ஓரத்துல மிதிச்சுட்டாரு! பலகை இந்தப் பக்கம் எழும்புது, ஆளு அந்தப் பக்கம் போறாரு!

அனூப்பும் நானும் மாடியில குடியிருக்க நயினாரும் சேந்து இழுத்துக் கரையேத்துனோம். நேரா போனாரு அவரு. கிணத்தடியில நின்னு குளிச்சாரு. அனூப்புக்க அரைக்கால் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. அதுல பூராவும் கிளிப்படம். அப்பவும் கெம்பீரமாத்தான் நின்னாரு, அதச் சொல்லணும்லா. "ஓடைய மூடுங்க. மூடுனா பொண்ணு வருவா. இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்." சொல்லிட்டு அப்பிடியே காருல ஏறிப் பெயிட்டாரு. அனூப்பு அன்னைல இருந்து செரியா சாப்பிடமாட்டான் தம்பி. அந்தப் பிள்ளேய அவனுக்கு அவ்வளவு இஷ்டம்.

முன்ன மூடி இருந்துச்சான்னு கேக்கியளா? இருந்துச்சே! நல்ல ஸ்லாப்பு. ஒடையல்லே, ஒண்ணும் இல்லே. ஆனா ஒரு மூலை அரை இஞ்சு தூக்கி இருந்துச்சு. நயினாரு ஸ்கூட்டர்ல ஏறி வருவாரு... டொக்! ஒரே ஒரு டொக்தான். ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ளேல்லா கேக்குது! வார்டு சபை கூடுச்சு, எந்திரிச்சேன், மைக்கப் பிடிச்சேன். கவுன்சிலர் ஷெமி "நோக்கலாம் டீச்சரே"ன்னா. பாக்கலாம்னா எப்போ? நான் விடல்லே. மூணு மாசம் நடந்தேன். கடைசியில ஜேசிபி வந்து ஸ்லாப்ப இளக்கித் தூக்கிட்டுப் போயாச்சு. "இனி புதுசு போடத்துக்கு டெண்டர் விளிக்கணும்"னாரு ஓவர்சியரு. விளிச்சா ஆளு வரும்னு நானும் நம்பி இருந்தேன்!

மொத டெண்டர், கம்ப்யூட்டர்ல போட்டாவ. ஒரு ஈ காக்கா வரல்லே. ரெண்டாவது டெண்டர். அதுக்கும் ஆளில்லே! ஏன் வரல்லே? கான்ட்ராக்டர்மாருக்கு மடி, சோம்பல். சின்ன வேலைன்னா எளப்பம்...

என்னது, கண்டிஷனா? உங்களுக்கு ஆரு சொன்னா? ...நோட்டீஸ் போர்டுல வாசிச்சியளா? பரவால்லியே! இங்க ஆரும் நோட்டீஸ் போர்டு வாசிக்கமாட்டாவ. ஆமா, அந்த கண்டிஷன் பூராவும் நான் எழுதிக் குடுத்ததுதான். எஞ்சினியரு மொதல்ல மாட்டேன்னாரு. நான் டெய்லி வந்து உக்காந்தேன். ஒம்பதாவது நாளு அவரே கையெடுத்துக் கும்பிட்டு சேத்துக்கிட்டாரு. மொத்தம் பதினேழு. கம்பிக்குக் கம்பி உள்ள இடைவெளிய என் டேப்பு வச்சுத்தான் அளக்கணும். தையல் டீச்சருக்கு அளவு தெரியாதா? மணல கண்ணு முன்ன அரிக்கணும். ஆருக்க கண்ணு? எனக்க கண்ணு. ஞாயிறு வேலை கூடாது, சர்ச்சு. புதன் கூடாது, வீட்டுல ஜெபக்கூட்டம். மத்தியானம் ஒண்ணரைல இருந்து மூணரை வரைக்கும் மிக்ஸர் ஓடப்பிடாது, அது நான் கண்ணசருத நேரம். வாசல்ல நிக்க செம்பருத்தியில ஒரு இலை விழப்பிடாது. பணிக்காரு போன்ல சிரிச்சுப் பேசப்பிடாது. இதுல என்ன தப்பு இருக்கு? நீங்களே சொல்லுங்க! ...ஏன் தலைய ஆட்டுதிய? ஆமான்னா, இல்லேன்னா?

வித்துராவுல இருந்து ஒரு கான்ட்ராக்டர் இடம் பாக்க வந்தான். மரியாதையா கூப்பிட்டு இருத்தி சாயா குடுத்தேன். சாயா ஆறதுக்குள்ள பதினேழையும் வாசிச்சுக் காட்டுவோம்னு தொடங்குனேன். பதினொண்ணாவது வரும்போ எந்திரிச்சு, "டீச்சரே, வண்டி வெயில்ல கெடக்கு, நிழல்ல போட்டுட்டு வாறேன்"னு போனான். மூணு மாசமாச்சு. இன்னும் போட்டுக்கிட்டே இருக்கான்!

இன்னிக்கு மூணாவது தடவை. இந்தத் தடவை கம்ப்யூட்டர் வேண்டாம், ரேட்டெழுதி கவர்ல வச்சு அந்தப் பெட்டியில போட்டாப் போதும். பன்னெண்டு மணிக்குப் பெட்டிய தொறப்பாவ. கிளார்க்கு ஷிஜி ரகசியமா சொன்னா, "ஒரு ஆள பேசி வச்சிருக்கு டீச்சரே. வெளியூரு. உங்கள அறியாது"ன்னு. அதென்ன பேச்சு, "உங்கள அறியாது"? வரட்டும்! வந்தா அவன நான் விடமாட்டேன். காலையில அஞ்சு மணிக்கு போன் பண்ணி எழுப்புவேன். ஸ்லாப்பு நனைக்க பதினாலு நாளும் அவனே வரணும், ஆள அனுப்புனா ஏத்துக்கிட மாட்டேன். நாளைக்கு ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வைங்க, அவன் வீட்டு வாசல்ல போயி பாய விரிச்சு உக்காருவேன். அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுவேன். அவன் அம்மகிட்ட சொல்லுவேன்... என்ன தம்பி, இப்பிடி வேர்க்குது? பேன் ஓடாது. அதுக்கும் எழுதிக் குடுத்தாச்சு.

எங்க எந்திரிச்சிய? பாத்ரூமா? கீழ போயி வலது பக்கம். கொண்டி கிடையாது, உள்ள இருந்து பாடிக்கிட்டே இருக்கணும். ...தம்பி, அது வெளிய போற வழி! வலது பக்கம்! ...செரி, மெதுவா வாங்க. இடத்த நான் பாத்துக்கிடுதேன். நல்ல பையன். பொறுமையா கேக்கான். இந்தக் காலத்துல ஆரு கேக்கா?

என்ன ஷிஜி? மணி ஆச்சா? ...பெட்டி காலியா! பேசி வச்ச ஆளு எங்க பிள்ளே? ...வந்தாரா? எப்போ? ...நீலச் சட்டை, கண்ணாடி... ஏ, அது பெர்த் சர்ட்டிபிக்கேட்டு ஆளுல்லா? ...ரதீஷா? கான்ட்ராக்டரா? அவன எனக்கப் பக்கத்துல இருக்க விடுவியாட்டி நீ? எனக்கு அறியாது, உனக்கு அறியுமே! தள்ளு, ஜன்னலுக்குப் போட்டும். தம்பீ! ரதீஷே! நில்லுங்க! பதினேழு வேண்டாம், பத்து போதும்! அஞ்சு! ஜெபக்கூட்டத்த வியாழனுக்கு மாத்துதேன்! செம்பருத்திய வெட்டிக் களையுதேன்! ...ஹெல்மெட்டு கூட மாட்டாம போறான் பாரு.

அய்யோ, என் பிள்ளைக்கக் கல்யாணத்த நானே வாயால கெடுத்துட்டேனே ஷிஜி. அந்த டொக்கக் கேட்டுக்கிட்டு சும்மா கெடந்திருக்கப்பிடாதா? இனி என்ன, நாலாவது டெண்டரா? ...இல்லியா? மூணு தடவை ஆளு வரல்லேன்னா தெருக்காரங்களே கமிட்டி வச்சு வேலைய செய்யணுமா? அப்பிடி ஒரு வழி உண்டா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இத மொதல்லயே சொல்லப்பிடாதா? சிமெண்டு வாங்க, ஆள விளிக்க, எல்லாம் கமிட்டி கன்வீனர் பொறுப்புதானே? ஆரு அந்தப் பாவம்?

...என்ன சிரிக்க?

...நானா? நான் எப்போ ஏத்தேன்? ...போன மாச வார்டு சபையிலயா! ஏட்டி, அது "உங்களுக்கு முடியல்லேன்னா நானே போட்டுக் காட்டுதேன்"னு கோவத்துல சொன்னதுல்லா! அதப் போயி மினிட்ஸுல எழுதுவியளா? ...கையடிச்சாவ, ஆமா, எல்லாரும் கையடிச்சாவ. எனக்கப் பேச்சு நல்லா இருக்குன்னு அடிச்சதால்லா நினைச்சேன்! வீட்டுல போயி அனூப்புட்ட பெருமையா வேற சொன்னேன். ...அது கையடிச்சு என்னைய கன்வீனரா பாஸாக்குனதா? கவுன்சிலரும் அடிச்சாளே, படுபாவி, எல்லாரையும் விட பலமா!

வேற ஆளுக்கு மாத்தி எழுது பிள்ளே. நயினாரு பேர எழுது. ...அவரு முன்னமே வந்து மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரா? தெருவுல எல்லாருமா? இரு, கெஞ்சிக் கேக்கேன், ஒரு வழி... நில்லு, போனு அடிக்குது. அய்யோ, சம்மந்தி!

ஹலோ... ஸ்தோத்திரம் சம்மந்தி. ஆமா, ஆபீஸுலதான் நிக்கேன். முடிஞ்சாச்சு! ஆளு கெடச்சாச்சு! ஓடைய மூடிடலாம், தேதிய மாத்தாண்டாம். ரெம்யாட்ட சொல்லிருங்க. ...ஆளு எப்பிடின்னா? ம்... வயசு கொஞ்சம் உண்டு. ...வேலையா? இதுக்கு முன்ன ஸ்லாப்பு போட்டதா தெரியல்லே. ...இல்லே, குடி ஒண்ணும் கிடையாது. வாய்தான் கொஞ்சம்... ஆமா, ஜாஸ்தி. ...என்னது? ஒடனே ஆள மாத்தச் சொல்லுதியளா?

அதத்தான் சம்மந்தி, நானும் இங்க நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.