ஒரு வருஷ ‘ம்’

மீன் துறைமுகத்தில் இனி ஆள் தேவையில்லை என்றார்கள். அங்கிருந்து நடந்து வந்து நிலாவெளிப் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கொரோனாக் காலத்தில் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்குப் போனில் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்று பேச்சில் தெரிந்தது.

“மிஸ், ஒரு வருஷம் நீங்கள் படிப்பிச்சது என்ர மகனுக்கு இல்ல, எனக்கு.”

“என்னக்கா சொல்றீங்கள்?”

“அவன் போனை என்ர பக்கத்தில வச்சிட்டுக் கடலுக்குப் போயிடுவான். நான் சல்லிக் கடற்கரையில மீன் காயப்போடுற வாடியில கருவாடு புரட்டிக்கொண்டு கேட்டனான்.”

“அப்ப நான் கேக்கக் கேக்க ‘ம்’ எண்டது?”

“நான்தான். குரலைத் தடிப்பாக்கி.”

“அல்லாஹ்! பொடியனுக்குத் தடிமனாக்கும் எண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொன்னனே!”

“அதையும் குடிச்சனான்.”

மிஸ் சிரித்து முடிக்கும்வரை மற்றவள் பொறுத்தாள்.

“இண்டைக்கு உப்புவெளி ஹோட்டலில நேர்முகம், மிஸ். வாடியில இனி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். இது சரிவராட்டி அடுப்பெரியாது. ஆரிட்டப் படிச்சனீங்கள் எண்டு கேட்டா உங்கட பேரைச் சொல்லட்டா?”

“பேர் என்னத்துக்கு? நானே வாறன். அங்க போயும் ‘ம்’ எண்டு நிண்டிராதேங்கோ.”

இருவரும் உப்புவெளியில் இறங்கினார்கள்.

மறுநாள் காலை சல்லி வாடிக்குப் போய் வேலை கேட்டேன்.

“ஒரு மனிசி ஹோட்டல் வேலை கிடைச்சுப் போயிட்டா,” என்றார் முதலாளி. “கருவாடு போடத் தெரியுமோ?”

“ம்,” என்றேன். உள்ளே விட்டார்.